முடி ஓரத்துல வெள்ளைக் கோடா நிக்கிற ஆபரேஷன் தழும்பு: லேசரா, டாட்டூவா, முடி நடறதா?

தங்கச்சி, நீ கேட்டத மத்தவங்களுக்கும் புரியற மாதிரி சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். நெத்தி அகலமா இருக்குன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னால முடிக்கோட்ட கீழ எறக்குற ஆபரேஷன் செஞ்சிருக்க, நெத்தி நீ நெனச்ச அளவுக்கு வந்திருச்சு, ஆனா ஒரு நெத்திப்பொட்டுலருந்து இன்னொரு நெத்திப்பொட்டு வரைக்கும் முடி ஆரம்பிக்கிற எடத்துலயே வெள்ளையா ஒரு கோடு, ரெண்டு மூனு மில்லிமீட்டர் அகலம், வலது பக்கம் கொஞ்சம் கூடுதல், முடிய பின்னால இழுத்து கட்டுனா பளிச்சுன்னு தெரியுது. ஒரு கிளினிக்ல லேசர் எடுன்றாங்க, பியூட்டி சென்டர்ல தோல் கலர்ல டாட்டூ குத்தலாம்றாங்க, இன்னொரு டாக்டர் முடி நடணும்றாரு. இன்னும் ஏழு மாசத்துல பினாங்கு பட்டர்வொர்த்துல கல்யாணம். எது சரி, எத மொதல்ல செய்யறதுன்னு கேட்டிருக்க.

நான் கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுல நர்ஸா இருந்து, அப்பறம் ஸ்கின் கிளினிக்ல ரொம்ப காலம் வேல செஞ்சவ. டாக்டர் இல்ல, அதனால உன் தலைய பாக்காம மருந்து எழுத மாட்டேன், ஆனா இந்த வெள்ளைக் கோட்டோட வந்தவங்க நெறைய பேர பாத்திருக்கேன், எது நின்னுச்சு எது நிக்கலன்னும் பாத்திருக்கேன். நேரா சொல்றேன்: முடி ஓரத்து வெள்ளைத் தழும்புக்கு கலர வரவைக்கிறேன்னு அது பின்னால ஓடறத விட, அந்த கோட்டுக்குள்ளயும் அதுக்கு முன்னாலயும் முடி வரவைக்கிறதுதான் நம்பலாம். லேசர் அதுக்கு தொணைக்கு வரும். தோல் கலர் டாட்டூ மட்டும் வேணாம், அத பத்தி கீழ தனியா சொல்றேன், தயவு செஞ்சு அந்த பத்திய படிக்காம அந்த சென்டருக்கு டெபாசிட் கட்டிடாத.

மொதல்ல அது ஏன் தெரியுதுன்னு பாரு, ஏன்னா ஒரே கோடுன்னாலும் அதுல மூனு கொறை சேந்து இருக்கு. ஒன்னு கலர். தோலுக்கு கலர் குடுக்குற மெலனின் செல்லுங்க அந்த வெட்டுன எடத்துல கொறஞ்சு போயிருக்கும், இல்லன்னா செல் இருந்தும் கலர சுத்தி இருக்குற தோலுக்கு ஒழுங்கா கொடுக்காது. ரெண்டாவது, அங்க முடிக்கால் (தோலுக்குள்ள முடி மொளைக்கிற வேர்ப்பை) கெடையாது, வேர்வைச் சுரப்பி எண்ணெய்ச் சுரப்பியும் கெடையாது. மூனாவது தோலோட அமைப்பு. நல்ல தோல்ல கொலாஜன் நார் பாய் முடைஞ்ச மாதிரி குறுக்கும் நெடுக்குமா ஓடும், தழும்புல எல்லாம் ஒரே பக்கமா படுத்திருக்கும், அதனாலதான் லைட் பட்டா அது ஒரு மாதிரி வழுவழுன்னு மின்னும். மேக்கப் போட்டு கலர மறைச்சாலும் சில பேருக்கு கோடு தெரியறது இந்த மினுமினுப்பாலதான். இதோட நமக்கு இன்னொரு கஷ்டம், நம்ம முடி கருப்பு, நெத்தி மாநிறம், ரெண்டுக்கும் நடுவுல வெள்ளை. வெள்ளக்காரங்களுக்கு இதே அகலத்துல தழும்பு இருந்தா மூனடி தள்ளி நின்னா தெரியாது, நம்ம ஆளுங்களுக்கு ரோட்டுக்கு அந்த பக்கத்துலருந்து தெரியும். அதனால வெளிநாட்டு போட்டோவ காட்டி ரிசல்ட் இப்படி வரும்னு சொன்னா அத அப்படியே நம்பாத, நம்ம நெறத்துல செஞ்ச போட்டோவ கேளு.

வெயில் வெளையாடுறதையும் சொல்லணும். தழும்பு கருக்காது, சுத்தி இருக்குற தோல் கருக்கும். கேஎல்லயும் பினாங்குலயும் மத்தியானம் யூவி இண்டெக்ஸ், அதாவது வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிரோட அளவு, 10ஐ தொடும், பல நாள் தாண்டியும் போகும், அதுல தெனமும் லஞ்சுக்கு நடந்து போயிட்டு வந்தாலே நெத்தி கருத்து கோடு இன்னும் வெள்ளையா தெரியும். நெறைய பேரு தழும்பு வெளுத்துக்கிட்டே போகுதுன்னு பயந்து வருவாங்க, பாத்தா தழும்பு அப்படியேதான் இருக்கும், நெத்திதான் கருத்திருக்கும். ஆறு வாரம் நெத்தி பூரா, கோட்டுக்கு மட்டும் இல்ல, நெத்தி பூரா எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் காலையிலயும் மத்தியானமும் போட்டு பாரு, பெரிய செலவில்லாம வித்தியாசம் கொறையற ஒரே வழி இதான். வெள்ளையா படியுதுன்னா டின்ட் உள்ளது, அதாவது தோல் கலர் கலந்தது, வாங்கு, அதுல இருக்குற அயர்ன் ஆக்ஸைடு நம்ம தோல் கருக்காம இருக்கவும் உதவுது.

அடுத்தது, அது தழும்புதானான்னு ஒரு ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட் பாத்து சொல்லணும். ஆபரேஷன் கோடுதானேன்னு நெனைப்ப, ஆனா கோடு மாசா மாசம் அகலமாகுதா, முடி இன்னும் பின்னால போகுதா, புருவம் ஓரத்துல கொறையுதா, கோட்டு ஓரத்துல இருக்குற முடியச் சுத்தி செவப்போ செதிலோ அரிப்போ இருக்கான்னு பாரு. அப்படி இருந்தா ஃப்ரான்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியான்னு ஒரு நோய் இருக்கு, 1994ல ஆஸ்திரேலியாவுல மொதல்ல விவரிச்சாங்க, மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்கு அதிகம்னாலும் சின்ன வயசுலயும் வருது, முகத்துல தலையில ஆபரேஷன் செஞ்சதுக்கு அப்பறம் வந்த கேஸும் இருக்கு. அது முடி ஓரத்துலயே வெளிறிப்போன பட்டையா வரும், பாத்தா தழும்பு மாதிரியே இருக்கும். அதுல முடி நட்டா நட்ட முடியையும் அது தின்னுடும். வெண்குஷ்டம் உள்ளவங்களுக்கும் வெட்டுன எடத்துல புது வெள்ளை வரலாம், அது கோட்ட தாண்டி பரவும், வுட்ஸ் லேம்ப்னு ஒரு ஊதா லைட் அடிச்சா சுண்ணாம்பு வெள்ளையா ஜொலிக்கும். இந்த லைட் பாக்க அஞ்சு நிமிஷம் ஆகாது. இத பாக்காம நேரா முடி நடற ட்ரான்ஸ்ப்ளான்ட் பேக்கேஜ் விக்கிற எடத்துலருந்து எழுந்து வந்துடு.

இத படிக்கிற மத்தவங்க யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ஆகலன்னா, அவசரப்படாதீங்க. தழும்பு அடங்க 12 மாசத்துலருந்து 18 மாசம் வரைக்கும் ஆகும், அது வரைக்கும் செவப்பு, அப்பறம் பழுப்பு, அப்பறம் வெளுப்புன்னு மாறிக்கிட்டே இருக்கும். வெட்டுக்கு பக்கத்துல முடி கொட்டி இருந்தா அது ஆபரேஷனால தோலுக்கு வந்த அதிர்ச்சியில கொட்டுனதா இருக்கலாம், மூனு மாசத்துலருந்து ஆறு மாசத்துல அதுவே திரும்ப மொளைக்கும், அத தழும்புன்னு நெனச்சு முடி நட்டு காச கரியாக்க வேணாம். இந்த காலத்துலதான் சிலிக்கான் ஜெல்லும் சிலிக்கான் ஷீட்டும் வேல செய்யும், தெனம் 12 மணி நேரத்துக்கு மேல, ரெண்டு மூனு மாசத்துக்கு குறையாம. முடி இருக்குற எடத்துல ஷீட் ஒட்டாது, ஜெல்லே போதும். முடிய இறுக்கி இழுத்து உச்சியில கட்டாதீங்க, இழுவை இருந்தா தழும்பு அகலமாகும். உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, தட்டையா வெள்ளையா இருக்கு, இனிமே சிலிக்கான் வாங்கறது வீண் செலவு. யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டா சரியாகும்னு சொன்னாலும் ஒத்துக்காத, ட்ரையாம்சினலோன் ஊசி தடிச்சு பொடைச்ச தழும்புக்குதான், தட்டையான வெள்ளைத் தழும்புல போட்டா தோல் இன்னும் மெலிஞ்சு இன்னும் வெளுக்கும்.

சரி, லேசர். லேசர்னு ஒரே பேர்ல நாலஞ்சு மெஷின் இருக்கு, எந்த மெஷின்னு கேட்காம சரின்னு சொல்லாத. 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் செவந்த தழும்புக்கு, உன்னோடதுக்கு அதால பிரயோஜனம் இல்ல. ஃப்ராக்ஷனல் லேசர் தோல்ல கண்ணுக்கு தெரியாத சின்ன சின்ன ஓட்ட போட்டு கொலாஜன மறுபடி அடுக்க வைக்கும், அது அந்த மினுமினுப்பையும் மேடு பள்ளத்தையும் கொறைக்கும், கலரும் சில பேருக்கு ஓரளவு வரும். நம்ம தோலுக்கு இதுல ஒரு ஆபத்து, பவர் கூடிப்போனா ஓரம் கருத்துடும், அப்பறம் வெள்ளைக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கருப்பு கரை. அதனால 1550 நானோமீட்டர் மாதிரி மேல் தோல எரிக்காத மெஷினோட, ஓட்டைங்கள நெருக்காம கம்மி டென்சிட்டியில, மாசத்துக்கு ஒரு தடவன்னு மெதுவா செய்யற எடம் நல்லது. ஃப்ராக்ஷனல் செஞ்சிட்டு கிளாக்கோமான்ற கண் அழுத்த நோய்க்கு கண்ணுல விடுற பைமேட்டோப்ரோஸ்ட் சொட்ட தழும்பு மேல போட்டு கலர் வரவைக்கிற முறையும் உண்டு, அந்த மருந்து இமை முடிய வளத்து கருமையாக்கறத பாத்துதான் இத முயற்சி பண்ணாங்க. அது டாக்டர் கையில, வீட்டுல செய்யற வேல இல்ல.

கலருக்குன்னே இருக்குறது 308 நானோமீட்டர் எக்ஸைமர். வெண்குஷ்டத்துக்கு பயன்படுத்துறாங்களே அதே லைட். வாரத்துக்கு ஒன்னு ரெண்டு தடவ, பல வாரம். கலர் வரும், ஆனா நிறுத்துனா மெல்ல மங்கும், அதனால சில மாசத்துக்கு ஒரு தடவ போய் எடுத்துக்கிட்டே இருக்கணும். பக்கத்து தோல மறைச்சு கோட்டுல மட்டும் அடிக்கணும், இல்லன்னா சுத்தியும் கருத்து வித்தியாசம் அதேதான். இன்னொன்னு யாரும் சொல்றதில்ல: தோலுக்கு புது கலர் செல்லு அதிகமா வர்றது முடிக்கால்லருந்துதான், முடிக்காலுக்குள்ளதான் அதோட மூலச் செல் இருக்கு. தழும்புல முடிக்கால் இல்ல, அதனால ஓரத்துலருந்து நகந்து வந்தாதான் உண்டு. ரெண்டு மில்லிமீட்டர் கோடுன்னா ஓரத்துலருந்து வந்து சேரும், ஒரு சென்டிமீட்டர் அகலம்னா நடுவுல வெள்ளையாவே நிக்கும். முடி நட்டா அந்த முடிக்காலோட கலர் செல்லும் கூட போகுது, சில பேருக்கு நட்ட முடியச் சுத்தி சின்ன புள்ளியா கலர் பரவறத பாக்கலாம். நான் மொதல்ல முடின்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப டாட்டூ. தோல் கலர்ல மை கலந்து வெள்ளைக் கோட்டுல குத்தி நெத்தியோட சேத்துடலாம்னு சொல்றாங்க. கேக்க ரொம்ப சுலபமா இருக்கு. உன் நெத்தி மாசத்துக்கு மாசம் கலர் மாறும், வெயில்ல கருக்கும், வீட்டுல இருந்தா வெளுக்கும், மை மாறாது. நாலு மாசம் பொருந்தி இருந்தது அஞ்சாவது மாசம் தனியா தெரியும். அத விட பெரிய பிரச்சன, அந்த தோல் கலர் மையில டைட்டானியம் டையாக்ஸைடும் அயர்ன் ஆக்ஸைடும் இருக்கும், புடிக்கலன்னு லேசர்ல எடுக்க போனா அடிச்ச உடனே அது கருப்பா மாறிடலாம். வெள்ளைக் கோடு இருந்த எடத்துல சாம்பல் கருப்பு கோடோட அழுதுக்கிட்டு வந்த பொண்ணுங்கள பாத்திருக்கேன், அத சரி பண்றது வெள்ளைய சரி பண்றத விட பல மடங்கு கஷ்டம். நெத்திக்கு நடுவுல அத சுமந்துக்கிட்டு போகாத மா.

ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் வேற, அது தோல் கலர் இல்ல, மழிச்ச முடி வேர் தெரியற மாதிரி கருப்பு சாம்பல் புள்ளி வைக்கிறது. தலை நடுவுல, முடிக்குள்ள இருக்குற தழும்புக்கும், குட்டையா வெட்டுற ஆம்பளைங்களுக்கும் நல்லா இருக்கும். தைப்பூசத்துக்கு பத்துமலையிலயோ தண்ணிமலையிலயோ வருஷா வருஷம் மொட்ட போடுறவங்களுக்கு தழும்ப மறைக்க இது ஒன்னுதான் கை குடுக்கும், ஏன்னா நட்ட முடி மழிச்சா மறைக்காது. ஆனா தழும்புத் தோல்ல மை பரவும், இல்ல சீக்கிரம் மங்கும், அதனால லேசா, சின்ன ஊசியில, ரெண்டு மூனு வாரம் விட்டு விட்டு பல தடவையா செய்யணும். உன்ன மாதிரி முன்பக்க கோட்டுல, நீள முடி உள்ள பொண்ணுக்கு, வெறும் புள்ளி மட்டும் வச்சா கிட்டத்துல பாக்கறவங்களுக்கு வரைஞ்சது தெரியும். முடி நட்டதுக்கு அப்பறம் அதுக்கு நடுவுல அடர்த்தி கூட்ட வேணும்னா யோசிக்கலாம்.

தழும்ப வெட்டி எடுத்து மறுபடி தைக்கிறதும் ஒரு வழி. முடிக்கோட்டு ஆபரேஷன்ல கத்திய சாய்ச்சு, முடிக்காலோட மேல் பாகத்த மட்டும் சீவற மாதிரி வெட்டி தைச்சா, கீழ தங்குற முடிக்காலுங்க தழும்ப தொளைச்சுக்கிட்டு வெளிய வரும், ட்ரைக்கோஃபைட்டிக் தையல்னு பேரு. உன்னோடது முடி வராம வெறுமையா இருக்குன்னா ஒன்னு அப்படி வெட்டல, இல்ல இழுவையிலயோ ரத்தத்த நிறுத்த சுட்டதுலயோ அந்த முடிக்கால் செத்திருக்கும். மறுபடி செய்யலாமான்றது தலைத்தோல் எவ்வளவு தளர்வா இருக்குன்றத பொறுத்தது. உனக்கு ஏற்கெனவே ரெண்டு சென்டிமீட்டர் போல கீழ எறக்கி இருக்காங்க, இறுக்கமா இருந்தா மறுபடி தைச்சதும் மறுபடி அகலமாகும். கோடு நாலஞ்சு மில்லிமீட்டருக்கு மேல போயி, தோலும் தளர்வா இருந்தா மட்டும் இத மொதல்ல செய்வாங்க. உன் கோட்டுக்கு நான் அவசியம்னு நெனைக்கல, ஆனா தொட்டு பாத்து சர்ஜன் சொல்றதுதான் முடிவு.

இப்ப முடி நடறது. கொஞ்சம் நிதானமா படி, காசும் பெருசு, பின் தலை முடியும் எடுத்தா திரும்ப வராதது.

கணக்கு போட்டு பாக்கலாம். கோடு சுமாரா 20 சென்டிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம்னா 6 சதுர சென்டிமீட்டர். தழும்புல சதுர சென்டிமீட்டருக்கு 20லருந்து 30 கிராஃப்ட்டுக்கு (பின் தலையிலருந்து முடிக்காலோட எடுத்து நடற சின்ன துண்டு) மேல நெருக்கி நடக் கூடாது, ரத்த ஓட்டம் கம்மி, நெருக்குனா ஒன்னுக்கும் சாப்பாடு பத்தாது. அப்ப தழும்புக்குள்ள 150 போல. ஆனா அதோட நின்னா ரூலர் வச்சு கோடு போட்ட மாதிரி ஒரு நேர்வரிசை வரும், அதுவும் ஆபரேஷன்னு காட்டிக்குடுக்கும். தழும்புக்கு முன்னால நல்ல தோல்ல அரை சென்டிமீட்டருக்கு மேல, ஒத்த முடி கிராஃப்ட்டா, வளைஞ்சு நெளிஞ்சு, ஒன்னு முன்ன ஒன்னு பின்னன்னு நடணும், அதுக்கு இன்னொரு 300, 400. மொத்தம் 500, 600க்குள்ள முடியற வேலை. யாராவது உன்கிட்ட 2000 கிராஃப்ட்டுன்னு சொன்னா எங்க நடப் போறீங்கன்னு கேளு, ஏன்னா கிராஃப்ட் கணக்குலதான் பல எடத்துல காசு.

நல்ல தோல்ல பத்துக்கு ஒம்போது புடிச்சா, தழும்புல அத விட கம்மியாதான் புடிக்கும், அத முன்னாலயே ஒத்துக்கிட்டு சொல்ற டாக்டர்தான் வேணும். நல்ல டாக்டர் மொதல்ல தழும்ப ரெண்டு விரல்ல நகத்தி பாப்பாரு, அடியில எலும்போட ஒட்டி இருக்கா, கெட்டியா இருக்கா, பேப்பர் மாதிரி மெலிசா இருக்கான்னு, ஊசி முனையில லேசா குத்தி ரத்தம் எவ்வளவு சீக்கிரம் வருதுன்னு பாப்பாரு. ரொம்ப மெலிசா இருந்தா வயித்துலருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்து அடியில ஊசியில போட்டு சில மாசம் கழிச்சு நடறதும் உண்டு. மரத்துப்போற ஊசியில அட்ரினலின் கலப்பாங்க, ரத்தம் வராம இருக்க, தழும்புல அத கம்மியா கலக்கணும். நெத்திப்பொட்டு பக்கம் முடி கீழ் பக்கமா பின்னால படுத்து வளரும், நடுவுல முன்னால பாத்து வளரும், அந்த திசை தப்புனா வாழ்நாள் பூரா அந்த முடி எழும்பி நிக்கும், அதனால ஓட்ட போடறது யாருன்னு கேளு, டாக்டரா டெக்னீஷியனா. முடி எடுக்கறது காதுக்கு பின்னால பிடரி பக்கம் இருக்குற மெலிசான முடியா இருந்தா முன்வரிசைக்கு அழகா உக்காரும்.

எடுத்த எடத்துலயும் ஒன்னு ஞாபகம் வச்சிக்க, எஃப்யூஈன்னா, அதாவது முடிக்கால ஒவ்வொன்னா தோண்டி எடுக்கற முறைன்னா, தையல் இல்ல தழும்பு இல்லன்னு விளம்பரம் பண்றாங்க, தழும்பு இருக்கு. ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட சின்ன வட்டமா, நம்ம தோல்ல வெள்ளைப் புள்ளியா. நீள முடிக்குள்ள தெரியாது. நேத்திக்கடனுக்கு மொட்ட போடற பழக்கம் வீட்டுல இருந்தா முன்னாலயே யோசிச்சிக்க. காது மடல்லயோ நெஞ்சுலயோ தோள்பட்டையிலயோ கெலாய்டு (காயத்த தாண்டி தடிச்சு வளர்ற தழும்பு) வந்திருந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லு, அப்படிப்பட்டவங்களுக்கு கொஞ்சமா நட்டு பல மாசம் பாத்துட்டுதான் மிச்சம்.

சிகரெட், வேப் புடிக்கிறவங்களுக்கு தழும்புல முடி புடிக்கிறது இன்னும் கொறையும். முடி வளர்றதுக்கான மினாக்சிடில் மருந்த சில டாக்டருங்க முடி நடறதுக்கு முன்னயும் பின்னயும் குடுப்பாங்க, கல்யாணத்துக்கு அப்பறம் புள்ளைக்கு ப்ளான் பண்றப்ப அத நிறுத்தணும், அதையும் இப்பவே கேட்டு வச்சிக்க.

நெத்தி குறைக்கிற ஆபரேஷன் இல்லாம, மோட்டர் சைக்கிள்லருந்து விழுந்து மண்டைய தெறந்து ஆபரேஷன் செஞ்ச தம்பிங்க அண்ணனுங்களும் இதே கேள்வியோட இருப்பாங்க. உங்களுக்கு தழும்புக்கு அடியில எலும்பு ஒட்டுன எடமும் டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் இருக்கலாம், மூளையில சேர்ற தண்ணிய வயித்துக்கு எறக்குற ஷன்ட் குழாய் தோலுக்கு அடியிலயே ஓடலாம். நியூரோ சர்ஜன் எழுதிக் குடுக்காம அந்த தலையில யாரும் ஊசி வைக்கக் கூடாது, டாட்டூ ஊசியும் சேத்துதான் சொல்றேன். அதோட ஆம்பளைங்களுக்கு வழுக்கை ஏறும், இன்னிக்கு தழும்ப மறைச்சு முன்னால நட்ட முடி நிக்கும், அதுக்கு பின்னால இருக்குற சொந்த முடி போயிடும், அப்ப தீவு மாதிரி நிக்கும். வழுக்கைக்கு மருந்து எடுத்து அடக்கிட்டு நடறது நல்லது.

வீட்டு வைத்தியம் பத்தி ரெண்டு எச்சரிக்கை, ஏன்னா அத்தை பெரியம்மா யாராவது சொல்லத்தான் செய்வாங்க, பாசத்துலதான் சொல்றாங்க. கார்போகரிசிய அரைச்சு பூசி வெயில்ல நிக்க சொல்வாங்க. அதுல சோராலென் இருக்கு, வெயில் பட்டா தோலுக்குள்ள வேல செய்யற சரக்கு, அளவு தெரியாம பூசி நம்ம ஊரு வெயில்ல நின்னா கொப்பளம் போட்டு வெந்து, ஆறுனதுக்கு அப்பறம் நெத்தியில புதுசா கருப்பும் வெள்ளையும். எலுமிச்சை தேய்க்கறதும் அதே கதை. வைட்டமின் ஈ மாத்திரைய ஒடைச்சு தடவறது தழும்ப மாத்தாது, கொஞ்ச பேருக்கு அலர்ஜிதான் வரும். தேங்கா எண்ணெய் தொட்டு லேசா நீவி விடு, தோல் காயாம இருக்கும், அவ்வளவுதான். நெத்திய வெளுப்பாக்கி கோட்டோட சேத்துடலாம்னு பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரி சந்தையில, விக்கிற க்ரீம் பக்கம் போகவே போகாத, பாதரசமும் ஹைட்ரோகுயினோனும் கலந்ததுக்காக எத்தனையோ க்ரீமோட அனுமதிய சுகாதார அமைச்சுல ரத்து பண்ணியிருக்காங்க.

எங்க போறது. கிளினிக் பேரு நான் சொல்ல மாட்டேன், எப்படி பாக்கறதுன்னு சொல்றேன். ஸ்பெஷலிஸ்ட்டுன்னா நேஷனல் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர்ல பேர தேடுனா வரும், ஸ்கின் டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் அதுல இருப்பாங்க. ஜிபி டாக்டர், அதாவது பொது மருத்துவர், அழகு சிகிச்ச செய்யறாருன்னா சுகாதார அமைச்சு குடுத்த எல்சிபின்ற அனுமதிக் கடிதம் இருக்கணும், கேளு, கேக்கறதுல தப்பில்ல. பியூட்டிஷியன் லேசர் அடிக்கறதும் ஊசி போடறதும் மலேசியாவுல சட்டப்படி செல்லாது, அவங்க எத்தன சர்டிபிகேட்ட செவுத்துல மாட்டி இருந்தாலும். காசு கஷ்டம்னா கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) லெட்டர் வாங்கி கேஎல் பெரிய ஆஸ்பத்திரி ஸ்கின் டிபார்ட்மென்ட்டுக்கோ, நீ ஊருக்கு போறப்ப பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்கோ போ, நோயா தழும்பான்னு அங்கயே தெளிவா சொல்லிடுவாங்க, அழகுக்கு முடி நடற செலவு மட்டும் நம்ம கை காசு, இன்ஷூரன்ஸும் குடுக்காது. போறப்ப பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்ட கையோட எடுத்துட்டு போ. எப்படி வெட்டுனாங்க, உள்ள என்ன தையல், எலும்புல ஏதாவது மாட்டி இருக்காங்களான்னு அதுலதான் இருக்கும். செஞ்ச எடத்துல கேட்டு வாங்கறது உன் உரிமை.

உன் ஏழு மாசத்துக்கு வரேன். நட்ட முடி மொதல் மாசத்துலயே உதிந்துடும், பயப்பட வேணாம், வேர் உள்ள இருக்கும், மூனு நாலு மாசத்துல மொளைக்க ஆரம்பிக்கும், மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், முழு ரிசல்ட் ஒரு வருஷம், தழும்புல அத விட மெதுவா. இப்ப அவசரமா முழுசா நட்டா கல்யாணத்தன்னிக்கு முன்னால மூனு சென்டிமீட்டர் குட்ட முடி எழும்பிக்கிட்டு நிக்கும், அது உனக்கு வேணாம். அதனால என் யோசனை, இந்த மாசம் ஸ்பெஷலிஸ்ட்ட பாத்து வுட்ஸ் லேம்ப் வச்சு நோய் இல்லன்னு உறுதி பண்ணிக்க, அடுத்து வலது பக்கம் அகலமா இருக்குற எடத்துல மட்டும் 40, 50 கிராஃப்ட் சோதனைக்கு நட சொல்லு. கல்யாணம் வர்றப்ப உன் தழும்பு முடிய ஏத்துக்குதான்னு கண்ணால பாத்திடலாம், ஏத்துக்கிட்டா மிச்சத்த கல்யாணத்துக்கு அப்பறம் நிம்மதியா செய்யலாம், ஏத்துக்கலன்னா பெரிய காசு மிச்சம், வேற வழி யோசிக்கலாம். ஃப்ராக்ஷனல் லேசர் எடுக்கணும்னா முடி நடறதுக்கு முன்னால எடு, கல்யாணத்துக்கு கடைசி ரெண்டு மாசம் எதையும் அடிக்காத, கருத்துப்போனா தெளிய நேரம் வேணும்.

கல்யாணத்தன்னிக்கு மறைக்கறது ரொம்ப சுலபம். மஞ்சள் டோன் உள்ள கெட்டி கேமஃப்ளாஜ் க்ரீம், டெர்மாகலர் மாதிரி, கோட்டோட நெத்திப் பக்கம் தட்டி வச்சு பவுடர் போட்டு செட் பண்ணிடணும், முடிப் பக்கம் மினுக்காத கருப்பு புருவப் பவுடர கட்டை பிரஷ்ல முடி வளர்ற திசையில சின்ன சின்னதா இழுக்கணும். முடி அடர்த்தியா தெரிய தூவுற ஹேர் ஃபைபர் பொடி வேணாம், அது ஒட்டறதுக்கு முடி வேணும், வெறும் தோல்ல வேர்வையில கீழ எறங்கி கண்ணுல விழும். சைடு செயின் வச்ச நெத்திச்சுட்டி கட்டிக்க, அந்த ரெண்டு செயினும் உன் தழும்பு மேலயேதான் ஓடும், வலது பக்கத்துக்கு அதுவே பாதி வேலைய முடிச்சிடும். மேக்கப் அக்காகிட்ட ரெண்டு விஷயம் முன்னாலயே சொல்லு: முன் முடிய இறுக்கி பின்னால இழுக்காம லேசா பஃப் விட்டு எடுக்கணும், ராக்கொடி சடை அலங்காரம் பூச்சரம் எல்லாம் சேந்த எடைய பின் கொண்டையில தாங்க வைக்கணும், முன்பக்கத்துல இழுக்கக் கூடாது. சோதனைக்கு நட்ட முடி பத்து நாளுக்கு அப்பறம் கெட்டியா புடிச்சிக்கும், அதனால அத ஊக்கு கொக்கி இழுத்து புடுங்கிடும்னு பயம் வேணாம், ஆனா அந்த எடத்துல பின் குத்தாம பாத்துக்க சொல்லு. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால ஒரு ட்ரையல் போட்டு, வெளிச்சத்துல நின்னு போட்டோ எடுத்து பாத்துக்க, ஃப்ளாஷ் அடிச்சும் ஒன்னு எடு, ஏன்னா எஸ்பிஎஃப் கலந்த ஃபவுண்டேஷன் ஃப்ளாஷ்ல வெள்ளையா திருப்பி அடிக்கும்.

டாக்டர பாத்துட்டு வந்து கோடு எத்தன மில்லிமீட்டர்னு அளந்தாங்க, தோல் நகருதான்னு என்ன சொன்னாங்கன்னு எழுது மா, அத வச்சு சோதனைக்கு எத்தன கிராஃப்ட் சரின்னு பேசலாம்.